டாக்டரிடம் கேளுங்கள்: வண்டி மாட்டின் கழுத்துப் புண்

ஓய்வுபெற்ற அரசு கால்நடை மருத்துவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் தெருவில் ஒருவர் மாட்டு வண்டியில் செங்கல், மணல் ஏற்றுகிறார். ஒரு மாட்டின் கழுத்தில் பெரிய புண். அதன் மேலேயே நுகத்தடியை வைத்து உச்சி வெயிலில் ஓட்டுகிறார். போலீஸில் சொன்னால், "ஐம்பது ரூபாய் அபராதத்துக்கு ஒரு கேஸா? பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். வேறு வழி உண்டா?
— ஒரு வாசகி, தஞ்சை மாவட்டம்

பதில்: உண்டு அம்மா. அந்தப் புண் எப்படி வந்திருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். திமிலுக்கு முன்னால், நுகத்தடி உட்காரும் இடத்தில் முதலில் மயிர் உதிரும். பிறகு தோல் தடித்துக் காய்த்துப்போகும். காய்ப்பு வெடித்துச் சீழ் கட்டும், ஈ மொய்க்கும், கவனிக்காவிட்டால் புழு வைத்துவிடும். வண்டிக்காரர் மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் பூசி, நுகத்தடியில் சாக்கைச் சுற்றி மறுநாளே பூட்டுவார். எதைப் பூசினாலும், பூட்டிக்கொண்டே இருந்தால் ஆறாது. கொள்ளிடக் கரை ஊர்களில் வேலை பார்த்த காலமெல்லாம் இதைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன்.

அபராதம் சொற்பம் என்பது உண்மை. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரைதான். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனையைக் கூட்டச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2014-இல் நாகராஜா வழக்கில் (ஜல்லிக்கட்டு பற்றிய வழக்கு) வலியுறுத்தியது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் தொகை மாறவில்லை. ஆனால் தொகையைக் காட்டிச் சட்டத்தையே மூடிவைக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதே சட்டத்தின் 34-வது பிரிவு, ஏட்டுக்கும் அவருக்கு மேலுள்ள காவலர்களுக்கும் மாட்டைக் கைப்பற்றிப் பரிசோதனைக்கு அனுப்ப அதிகாரம் தருகிறது. மாட்டுக்கு வேண்டியது ஓய்வு. அதற்கு வழி செய்வது இந்தப் பிரிவுதான்.

வாய்ப்பேச்சாகச் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், என்ன பாரம், புண் எங்கே என்று வரிசையாக எழுதிப் புகைப்படம் இணையுங்கள். புண்பட்ட மாட்டை வேலை வாங்குவது குற்றம். பார மாடுகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி, வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டி பூட்டக்கூடாது. ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கவும் கூடாது. சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயிலைச் சொல்லவா வேண்டும்! இந்தக் குற்றத்தில் மாஜிஸ்திரேட் உத்தரவின்றிப் போலீசார் புலன்விசாரணை நடத்த முடியாது என்பதால் தயங்குவார்கள். தயங்கட்டும், மனுவைத் திருப்பக்கூடாது. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். குற்றம் நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். "அப்புறம் பார்க்கலாம்" என்ற பதிலிலேயே பல மனுக்கள் செத்துப்போகின்றன.

என் துறையினருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "கழுத்தில் புண் உள்ளது" என்று ஒற்றை வரியில் சான்று எழுதினால் வழக்கு நிற்காது. புண்ணின் நீள அகலம், ஆழம், புழு இருக்கிறதா, மாடு வேலைக்குத் தகுதியா, எத்தனை நாள் பூட்டக்கூடாது என்று எழுத வேண்டும்.

உண்மையான முட்டுக்கட்டை வேறு. கைப்பற்றிய மாட்டை எங்கே கட்டுவது? ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் கட்டினால் யார் தண்ணீர் காட்டுவார்கள், யார் வைக்கோல் போடுவார்கள்? இந்தப் பயத்தில்தான் காவலர்கள் மாட்டைத் தொடுவதில்லை. இதற்கும் 35-வது பிரிவில் வழி இருக்கிறது: மாட்டைச் சிகிச்சை இல்லத்தில் வைக்கும் செலவை உரிமையாளரே தர வேண்டும், கட்டணத்தை மாவட்ட ஆட்சியர் நிர்ணயிக்க வேண்டும். மாவட்டந்தோறும் மிருகவதைத் தடுப்புச் சங்கம் வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு விதிகளும் சொல்கின்றன. அறுவடை முடிந்ததும் வைக்கோல் கட்டுகள் லாரி லாரியாக வெளியூர் போகிற மண் இது. ஒன்றியத்துக்கு ஒரு கொட்டகை போட்டு நாலு மாட்டுக்குத் தீனி போட முடியாதா? மே 1, ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கேளுங்கள். ஆட்சியரின் மக்கள் குறைதீர் நாளிலும் மனுக் கொடுங்கள்.

அந்த வண்டிக்காரரும் அன்றாடங்காய்ச்சிதான், அதை மறக்கவில்லை. மாடு படுத்துவிட்டால் அவர் பிழைப்பும் படுத்துவிடும். முதலில் 1962-க்கு போன் செய்து நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியை வரவழைத்து, அவர் எதிரிலேயே வைத்தியம் பார்க்க வையுங்கள். கேட்கவில்லை என்றால் மனு.

கேள்வி: எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஒரு நாயை எந்நேரமும் குட்டைச் சங்கிலியில் கட்டியிருக்கிறார்கள். இது குற்றமா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: குற்றம். அளவுக்கு மீறிய நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டுவதும், வளர்ப்பவர் தீனி, தண்ணீர், நிழல் தராததும் அதே 11-வது பிரிவில் வருகின்றன.

கேள்வி: எங்கள் நகரில் தெருநாய்களுக்கு யாரோ விஷம் வைக்கிறார்கள். இதற்கும் ஐம்பது ரூபாய்தானா?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: இல்லை. விஷம் வைத்துக் கொல்வது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் வருகிறது. ஐந்து ஆண்டு வரை சிறை. இதில் போலீசார் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். இறந்த நாயை அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள். போலீஸ் கடிதத்துடன் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். உள்ளுறுப்புகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பும்படி மனுவிலேயே எழுதுங்கள். பக்கத்தில் கிடக்கும் சோற்றையோ கறித்துண்டையோ வெறும் கையால் தொட வேண்டாம். குழந்தைகளையும் கோழிகளையும் அண்டவிடாமல், போலீஸ் வரும்வரை அப்படியே மூடிவையுங்கள்.