அப்லேஷனுக்குப் பிறகும் படபடப்பா?

இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அதற்கு அப்லேஷன் (இதயத் தசையில் சூடு வைத்து வடு உண்டாக்கும் சிகிச்சை) செய்துகொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவை.

கே: அப்லேஷன் செய்து மூன்று வாரம்தான் ஆகிறது டாக்டர். நேற்று ராத்திரி அதே படபடப்பு, ஒரு மணி நேரம். செலவழித்த பணமெல்லாம் வீணா?

ப: அதற்குள் முடிவு கட்டாதீர்கள். சூடு வைத்த இடம் வீக்கம் வற்றி ஆறும்வரை இப்படி வரும். முதல் மூன்று மாதத்தில் வருவதைத் தோல்வியாகக் கணக்கிடுவதில்லை என்பது பழைய வழக்கம். 2024-இல் சர்வதேச வல்லுநர் குழு அதை இரண்டு மாதமாகக் குறைத்தது. அதற்காகச் சும்மா இருக்கவும் கூடாது. படபடப்பு இருக்கும்போதே ஈசிஜி எடுங்கள். நின்றபின் எடுத்த ஈசிஜியைப் பார்த்து நான் என்ன சொல்ல? மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கே: அப்பா ஒரு வருஷம் நன்றாக இருந்தார். இப்போது திரும்பிவிட்டது. சரியாகச் செய்யவில்லையோ?

ப: அப்படிச் சொல்ல முடியாது. கோளாறான துடிப்பு பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புகிறது என்று 1998-இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் காட்டினார்கள். அந்தச் சிரைகள் இடது மேலறையில் சேரும் இடத்தைச் சுற்றி வேலி போல வடு உண்டாக்குவதுதான் அப்லேஷன். எங்காவது சூடு ஆழமாக இறங்காவிட்டால், அந்த இடத்துத் தசை தேறி, மின்னோட்டம் மறுபடி கசியும். இரண்டாம் முறை அந்த இடைவெளியைத் தேடி அடைக்கிறோம். மேலறை பெருத்திருந்தால் வேறு இடங்களிலிருந்தும் கிளம்பலாம். அதனால்தான் எடை, பிரஷர், மது எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிறோம். அப்பா குறட்டை விடுவாரா? அவரைக் கேட்காதீர்கள், அம்மாவைக் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

கே: இப்போது படபடப்பே இல்லை. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்தலாமா?

ப: நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்லேஷனுக்குப் பிறகு கோளாறான துடிப்பு உங்களுக்குத் தெரியாமல் சத்தமில்லாமல் வந்துபோவதும் உண்டு. வயது, சர்க்கரை, பிரஷர், முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

கே: முன்பு நாடித்துடிப்பு 65. இப்போது சும்மா உட்கார்ந்திருந்தாலே 80.

ப: துடிப்பைக் குறைக்கும் நரம்பு முடிச்சுகளிலும் சூடு பட்டிருக்கும். துடிப்பு ஒழுங்காக இருந்தால் சரி.

கே: அம்மாவுக்கு மூன்றாவது வாரம். காய்ச்சல், விழுங்கும்போது வலி. பாரசிட்டமால் கொடுக்கலாமா?

ப: கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், இன்றே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இடது மேலறைக்கு நேர் பின்னால்தான் உணவுக்குழாய். மிக அரிதாக இரண்டுக்கும் இடையே ஓட்டை விழும், உயிருக்கே ஆபத்து. அப்லேஷன் செய்த தேதியை முதலில் சொல்லுங்கள். நெஞ்சு சிடி ஸ்கேன் பார்க்காமல் எண்டோஸ்கோப்பி வேண்டாம், அதில் செலுத்தும் காற்றே ஆபத்து.