ஓடி முடித்த சூட்டில் தலையில் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வருமா?

கேள்வி: என் மகன் காவலர் தேர்வுக்காக மதுரையில் ஒரு அகாடமியில் சேர்ந்திருக்கிறான். சாயங்காலம் நாலு மணிக்கே ஓட விடுகிறார்கள். ஓடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, ஓடி முடித்த சூட்டோடு தலையில் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும் என்கிறார் மாஸ்டர். உப்பு மாத்திரையும் பாக்கெட் பானமும் அங்கேயே விற்கிறார்கள். வீட்டுக்கு வரும்போது பையனுக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது. என்ன செய்வது?
- வாசகி, திருமங்கலம்

பதில்: ஜன்னியெல்லாம் வராதும்மா. தாராளமாக ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்றால், 1500 மீட்டரை மூச்சைப் பிடித்து ஓடி முடித்த பையன் சட்டென்று நின்றுவிடுகிறான். ரத்தம் காலிலேயே தேங்குகிறது, தலை சுற்றுகிறது, விழுகிறான். அந்த நேரம் பார்த்து யாராவது தண்ணீர் ஊற்றியிருந்தால் பழி தண்ணீர் மேல். ஓடி முடித்ததும் ஐந்து நிமிடம் நடக்கட்டும். நடந்துகொண்டே தலை, கழுத்து, கைகளில் ஊற்றிக்கொள்ளலாம்.

ஓடும்போது தசை செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகத்தான் மாறுகிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு உள்ள பெரிய வழி வியர்வை. ஆனால் வியர்வை தோலில் இருந்து ஆவியானால்தான் சூடு இறங்கும், சொட்டிக் கீழே போனால் பயனில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் மதுரைக் காற்றே தோலைவிடச் சூடாக இருக்கும், காற்றால் மட்டும் உடம்பு ஆறாது. வெளியில் இருந்து ஊற்றும் தண்ணீர் வியர்வையின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும்போது தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறார்களே, நெரிசலில் நிற்பவர்களுக்கு அது தரும் ஆறுதல்தான் இதுவும். ஊற்றிய பிறகு துடைக்க வேண்டாம், நிழலில் காற்றுப்படும்படி இருக்கட்டும். ஒரு வாளியில் ஐஸ் போட்ட தண்ணீர் கிடைத்தால் இரண்டு முன்கைகளையும் பத்து நிமிடம் முக்கி வைக்கலாம். மொட்டை மாடி டேங்க் தண்ணீர் நாலு மணிக்குக் கொதிக்கும், முதலில் வருவதைத் திறந்துவிட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

குடிக்கும் தண்ணீருக்கு வருவோம். பயிற்சிக்கு நடுவே தண்ணீர் தராமல் ஓடவிடுவது வைராக்கியம் இல்லை, ஆபத்து. தாகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. அதையும் கூடக் கொஞ்சத்தையும் ராத்திரிக்குள் நிதானமாகக் குடித்தால் போதும். உப்புப் போட்ட நீர்மோரும் நீராகாரமும் இதற்கு அருமையானவை. ஜிகர்தண்டா ஆசைக்குக் குடிக்கலாம், தண்ணீருக்குப் பதிலாக அல்ல. உப்பு மாத்திரை வேண்டவே வேண்டாம். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு அது வயிற்றைப் புரட்டுவதைத் தவிர ஒன்றும் செய்யாது.

இப்போது அந்தப் பாக்கெட் பானம். உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் உண்மையான ஓஆர்எஸ் பொடி மருந்துக் கடையில் கிடைக்கும். உலக சுகாதார நிறுவன அளவுப்படி ஒரு லிட்டருக்கான பாக்கெட் 20.5 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், அதில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அகாடமி வாசலில் விற்பது பெரும்பாலும் அதே பெயர் ஒட்டிய சர்க்கரைத் தண்ணீர். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பானங்களில் ஓஆர்எஸ் என்று போடவே கூடாது என்றது. நல்லது. ஆனால் 2022-இல் ஓர் எச்சரிக்கை வரியோடு போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதித்ததும் இதே ஆணையம்தான். மூன்று வருடம் தாய்மார்கள் அதை மருந்தென்று நம்பி வாங்கினார்களே, அதற்கு யார் பதில் சொல்வது? பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். உலக சுகாதார நிறுவன அளவு என்று இல்லையென்றால் வாங்காதீர்கள்.

இதைவிட மோசம், ஓடிக் களைத்த பையனைக் கூட்டிப்போய் 'ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க' என்று டிரிப்ஸ் போட வைப்பது. கூட்டிப்போகிறவருக்கு அதில் கமிஷன் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வாயால் குடிக்க முடிகிற பையனுக்கு ஊசி எதற்கு? எடை குறைக்கிறேன் என்று பிளாஸ்டிக் ஜாக்கெட் மாட்டி ஓடவிடுவதும் அப்படித்தான். வியர்வை ஆவியாக வழியே இல்லாமல் சூட்டை உள்ளேயே பூட்டிவைக்கிற வேலை அது. குறைவது தண்ணீர், கொழுப்பு இல்லை. ஜில்லென்று அடிக்கும் ஸ்பிரே தோலுக்குக் குளிர்ச்சி போலக் காட்டும், உள்சூடு அப்படியே இருக்கும்.

பையனுக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அன்றைக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. தண்ணீர் ஊற்றிக்கொண்டால் ஓடலாமா என்று கேட்காதீர்கள். லேசான காய்ச்சல்தானே, மாத்திரை போட்டுவிட்டேன், நாளைக்குத் தேர்வு, என்றெல்லாம் சொல்வார்கள். மாத்திரை போட்டாலும் ஓடக் கூடாது. காய்ச்சல் நின்ற மறுநாளும் முழு வேகம் வேண்டாம். வெயிலுக்கு உடம்பு பழகப் பத்துப் பதினான்கு நாள் ஆகும். நடுவில் படுத்து எழுந்தவன் முன்பு ஓடியதில் பாதி அளவில் இருந்து மெதுவாகத் தொடங்கட்டும்.

ஓடும்போது பையன் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, விழுந்தாலோ, வியர்வை கொட்டுகிறதே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. உழைப்பால் வரும் வெப்பத் தாக்கில் (ஹீட் ஸ்ட்ரோக்) வியர்வை நிற்காமலும் இருக்கும். 108-ஐக் கூப்பிடுங்கள், ஆனால் வண்டி வரும்வரை காத்திருக்காதீர்கள். தார்ப்பாயை நான்கு பக்கமும் தூக்கிப் பிடித்து, நடுவில் அவனைக் கிடத்தித் தண்ணீரும் ஐஸும் கொட்டுங்கள். தலை மட்டும் மேலே இருக்க வேண்டும். தார்ப்பாய் இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளை உடம்பு முழுக்கப் போட்டு மாற்றி மாற்றி எடுங்கள். நினைவில்லாதவன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டை இறக்காது. முதல் அரை மணி நேரத்தில் சூடு இறங்க வேண்டும், அதற்கு ஆஸ்பத்திரி வரை காத்திருக்க முடியாது. தண்ணீர்க் குழாய்கூட இல்லாத மைதானத்தில் நூறு பிள்ளைகளை நாலு மணி வெயிலில் ஓடவிடுகிறார்கள், ஆளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணமும் வாங்குகிறார்கள். ஐஸ் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். இல்லை என்றால் காலை ஐந்தரை மணி பேட்ச்சுக்கு மாற்றச் சொல்லுங்கள். மறுத்தால் கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, வேறு இடம் பாருங்கள்.