காவிரித் தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கு ஏன் குறைந்தது?

2007-இல் நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது 419 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆக்கியது. குறைந்த 14.75-உம் கர்நாடகத்துக்குப் போனது.

இதில் 4.75 பெங்களூருவின் குடிநீருக்கு. நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகையில் இருக்கிறது என்று நடுவர் மன்றம் கணக்குப் போட்டிருந்தது. குடிநீருக்கு அந்த எல்லை பார்க்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். சரி, அது நியாயம்தான்.

மீதி 10 டிஎம்சிதான் உறுத்தல். டெல்டாவில் 20 டிஎம்சி நிலத்தடி நீர் இருக்கிறது, அதில் பாதியையாவது தமிழ்நாட்டின் கணக்கில் சேர்க்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். நாகப்பட்டினம் பக்கம் போர் போட்டுப் பார்த்தவர்களைக் கேளுங்கள், பல ஊர்களில் உப்புத் தண்ணீர்தான் வரும்.

அப்புறம், மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பில்லிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுக்குத் தர வேண்டியதும் 192-இலிருந்து 177.25 ஆனது.