டிசம்பரில் பெர்க் ஏறலாமா? – வாசகர் கேள்வி பதில்

(தென்னாப்பிரிக்காவின் ட்ரேக்கன்ஸ்பெர்க், சுருக்கமாக ‘பெர்க்’, மலை நடைபற்றி வந்த கடிதங்களுக்கு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை பதில் சொல்கிறார்.)

அம்மா, ஜோஹன்னஸ்பர்க்கில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன், சொந்த ஊர் கோவை. டிசம்பர் விடுமுறையில் நான், மனைவி, மைத்துனர் மூவரும் சென்டினல் கார் பார்க்கிலிருந்து சங்கிலி ஏணி வழியாக ஏறி, உச்சி விளிம்பில் கூடாரம் போட்டு நான்கு நாள் நடக்கத் திட்டம். வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவர்கள் நாங்கள். வானிலை ஆப் மூன்று பார்க்கிறேன், மூன்றும் மூன்று விதமாகச் சொல்கிறது. எதை நம்புவது?

தம்பி, வெள்ளியங்கிரி ஏறிய கால்கள்மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் நான்கு நாள் கணக்கில்தான் சந்தேகம். வெள்ளியங்கிரியில் இரவு ஏறி மறுநாள் இறங்கிவிடுவீர்கள். இங்கே மூன்று இரவு மேலேயே கிடக்க வேண்டும்.

முதலில் அந்த ஆப் எந்த ஊருக்குச் சொல்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பெர்க்வில் என்று இருக்கும். அந்த ஊர் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரம். நீங்கள் படுக்கப்போவது 3,000 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், கீழே 25 என்றால் மேலே 13, 14. அதுவும் காற்றையும் ஈரத்தையும் சேர்க்காமல்.

மழை எத்தனை மணிக்கு என்று எந்த ஆப்பும் இந்த மலையில் சரியாகச் சொல்லாது. ஆனால் இங்கே டிசம்பர் என்றால் கோடை, கோடையின் போக்கு ஓரளவு தெரிந்ததுதான். இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சுவர்போல் நிற்கும் இந்த மலையில் மோதி மேலே ஏறுகிறது, வெயில் அதை இன்னும் தூக்கிவிடுகிறது. காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும். பதினோரு மணிக்குப் பஞ்சு மேகம் தெரியும், மதியத்துக்குமேல் அதன் அடிப்பாகம் கருக்கும், அப்புறம் இடி. தினமும் இப்படியே என்று இல்லை, ஆனால் இப்படித்தான் என்று எண்ணியே திட்டம் போட வேண்டும். டிசம்பரில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும். ஐந்தரைக்கு நடையைத் தொடங்குங்கள். மதியம் ஒரு மணிக்குள் கூடாரம் நின்றிருக்க வேண்டும், விளிம்பிலும் முகட்டிலும் ஓடைக்கரையிலும் இல்லாத இடத்தில். துகேலா அருவி விழும் விளிம்பில் படம் எடுக்க ஆசை இருந்தால் அது காலை வேலை. சங்கிலி ஏணியும் அப்படியே. நனைந்த இரும்புப் படியில் முதுகுச் சுமையோடு இறங்குவது ஒருபுறம் இருக்கட்டும், இடி கேட்கும்போது பாறையில் தொங்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்க யாருக்கு ஆசை?

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிக்காத விஷயம், நான்கு நாள் லீவு, நான்கு நாள் நடை என்பது. ஒரு நாள் மிச்சமே இல்லை. மேகம் இறங்கி ஒரு நாள் முழுக்கக் கூடாரத்துக்குள் கிடக்க நேர்ந்தால் என்ன செய்வீர்கள்? திங்கட்கிழமை ஆபீஸ் என்று மழையிலேயே இறங்குவீர்கள். ஆபத்து பெரும்பாலும் அங்கேதான். நான்கு நாள் லீவு என்றால் மூன்று நாள் நடை, ஐந்து நாள் சாப்பாடு.

என்னைக் கேட்டால், முதல் தடவைக்கு ஜயன்ட்ஸ் கப் பாதைக்குப் போங்கள். சானி பாஸ் அடிவாரத்திலிருந்து புஷ்மன்ஸ் நெக் வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர், ஐந்து நாள் நடை. உங்கள் லீவுக்கு முழுதும் முடியாது, ஒரு பகுதியை மட்டும் நடங்கள். உச்சிக்கு ஏறாமல் கீழ் மலைத்தொடரிலேயே போகும், இரவு தங்கக் குடில்கள் உண்டு. எசம்வெலோ வனத்துறையிடம் முன்பதிவு செய்யும்போதே குடில்களின் நிலைமையைக் கேட்டுக்கொள்ளுங்கள். மைத்துனர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அக்கா, மகன் நண்பர்களோடு செப்டம்பர் கடைசியில் மூன்று நாள் பெர்க் போகிறான். புரட்டாசி, எங்கள் வீட்டில் மரக்கறிதான். என்ன கட்டிக் கொடுப்பது? குளிர்காலம் முடிந்துவிட்டது, ஸ்வெட்டர் சுமை எதற்கு என்கிறான். – வாசகி, டர்பன்

ஸ்வெட்டர் முதலில். 2024இல் புரட்டாசி முதல் சனிக்கிழமை நினைவிருக்கிறதா? வான் ரீனன்ஸ் கணவாயில் பனி கொட்டி, என்-3 நெடுஞ்சாலை மூடி, லாரியும் காருமாக இரவெல்லாம் நின்றன. நெடுஞ்சாலையிலேயே அந்தக் கதி என்றால் மலைமேல் கேட்க வேண்டாம். கம்பளி அல்லது ஃப்ளீஸ் ஒன்று, மழைக்கோட்டு, இரவுக்கு மட்டும் என்று ஒரு ஜோடி சாக்ஸ். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. பையின் மழை உறையை நம்பாமல், உள்ளே தடித்த கறுப்புக் குப்பைப் பையை விரித்து அதற்குள் துணியை வைக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு, முதல் நாள் மதியம் ரொட்டியும் உருளைக்கிழங்கும். அதற்குப் பிறகு கெட்டி அவலும் புளிக்காய்ச்சலும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடினால் ஐந்து நிமிடத்தில் சூடான சாப்பாடு. வனப் பகுதியில் விறகு மூட்டக் கூடாது, சின்ன காஸ் அடுப்புதான். கடலை மிட்டாயும் பேரீச்சையும் பையின் வெளிப் பாக்கெட்டில் இருக்கட்டும், மழையில் யாரும் பையைத் திறந்து சாப்பிட மாட்டார்கள். பொட்டலத்தை நூலால் கட்டாதீர்கள். குளிரில் மரத்த விரலுக்கு முடிச்சு அவிழாது, ரப்பர் பேண்ட் போடுங்கள்.

ஒன்று அவனிடம் சொல்லி வையுங்கள்: கூட வருகிறவன் ஜிப் போடத் தடுமாறினாலோ, பேச்சுக் குழறினாலோ அது களைப்பு இல்லை, உடம்புச் சூடு இறங்குகிறது. அங்கேயே நின்று கூடாரம் போட்டு, ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, சர்க்கரை போட்ட டீ கொடுக்க வேண்டும்.

இடி மின்னலின்போது குகைக்குள் ஒதுங்கலாமா?

ஆழமான குகை என்றால் சரி, வாசலிலும் சுவரோரத்திலும் உட்காராமல். ஆள் ஒதுங்கும் அளவுக்கு மட்டும் துருத்திக்கொண்டிருக்கும் பாறைக்கு அடியில் வேண்டாம், மின்சாரம் பாறை வழியே இறங்கி இடைவெளியைத் தாண்டும். வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் முகட்டைவிட்டு இறங்கி, ஆளுக்கு ஆள் தள்ளி, பையின்மேல் குந்துங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்கள். பாறை ஓவியம் உள்ள குகையில் இராத் தங்க அனுமதி இல்லை.

மேலே மூடுபனி சூழ்ந்தால்?

நில்லுங்கள். விளிம்பில் பிளவுகள் எல்லாம் இறங்கும் வழிபோலத்தான் தெரியும். பாதி இறங்கியபின் செங்குத்துச் சுவரில் போய் முடியும், ஏறவும் முடியாது. வந்த வழி ஜி.பி.எஸ்.ஸில் பதிவாகியிருந்து, அதில் நிச்சயம் இருந்தால் மட்டும் திரும்புங்கள்.

போன் சிக்னல் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் வீட்டுக்கு எப்படித் தகவல் சொல்வது?

பல இடங்களில் கிடைக்காது. ஏறும் முன் வனத்துறை அலுவலகத்தில் மலைப் பதிவேடு இருக்கும். எந்த வழி, எத்தனை பேர், கூடாரம் என்ன நிறம், என்றைக்குத் திரும்புவீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். மிச்சம் வைத்த நாளையும் சேர்த்துத் தேதி போடுங்கள். இறங்கியதும் காரைக் கிளப்பும் முன் அதில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் வீட்டில் தூங்கும்போது உங்களைத் தேடி ஆட்கள் மலை ஏறுவார்கள்.