மஸ்கி மீனுக்கு ஜெர்க்பெய்ட்: எதை வாங்குவது, எப்படி இழுப்பது?

கனடாவின் ஒன்டாரியோவில் முதன்முறையாக மஸ்கி என்ற பெரிய நன்னீர் வேட்டை மீனைப் பிடிக்கப் போகும் ஒருவர், கடைச் சுவரில் தொங்கும் இத்தனை ஜெர்க்பெய்ட்களில், அதாவது தூண்டில் தடியால் வெட்டி வெட்டி இழுக்கும் செயற்கை இரைகளில், எதை வாங்குவது, வாங்கியதை எப்படி இழுப்பது என்று கேட்டிருக்கிறார். டொராண்டோவுக்கு வடகிழக்கே உள்ள கவார்த்தா ஏரிகளில் பதினோரு ஆண்டுகளாக இந்த மீனைத் தேடி வருபவன் என்ற முறையில் என் பதிலைச் சொல்கிறேன். இரண்டே இரண்டு வாங்குங்கள். ஒன்று, இழுத்தால் மூழ்கி, இழுப்பை விட்டால் மேலெழும் வகை. மற்றொன்று, இழுத்தால் இடமும் வலமுமாக வழுக்கிச் செல்லும் வகை. வாங்கும்போது அது இழுபடும் அழகைப் பார்க்காதீர்கள். இழுப்பதை நிறுத்தியதும் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

ஏனென்றால் ஜெர்க்பெய்ட் தானாக நீந்தும் இரை அன்று. தூண்டில் நரம்பைச் சுருட்டினாலே நீந்தும் கிராங்க்பெய்ட் என்ற இரையின் முகத்தில் இருக்கும் பிளாஸ்டிக் உதடு இதற்குக் கிடையாது. சுருட்டிக்கொண்டே இருந்தால் ஒரு மரக்கட்டையைப் போலத்தான் வந்து சேரும். அதன் உயிர் முழுவதும் உங்கள் மணிக்கட்டிலிருந்து போக வேண்டும். மஸ்கியோ பாசிச் செடிகளின் ஓரத்தில் அசையாமல் நின்று, தடுமாறும் மீனைப் பாய்ந்து கவ்வும் வேட்டை மீன். எனக்குக் கிடைத்த மஸ்கிகளில் பெரும்பாலானவை இரை அசையாமல் நின்ற அந்த ஓரிரு நொடியில்தான் அடித்திருக்கின்றன. இழுப்பு மீனைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது, வாயைத் திறக்க வைப்பது நிறுத்தம் என்பதே என் அனுபவம்.

முதல் வகைக்கு நான் பரிந்துரைப்பது சூயிக். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆன்டிகோ என்ற ஊரைச் சேர்ந்த ஃபிராங்க் சூயிக் உருவாக்கிய இந்த மர இரை, பல தலைமுறைகளாகியும் மஸ்கிக்காரர்களின் பெட்டியை விட்டுப் போகவில்லை. தட்டையான உடல், வால்புறத்தில் ஒரு சிறிய உலோகத் தகடு. அவ்வளவுதான் அதன் அமைப்பு. தகட்டைச் சற்றுக் கீழ்நோக்கி வளைத்தால், இழுக்கும்போது நீர் வாலை மேலே தள்ள, தலை கீழே பாய்ந்து இரை ஆழமாகப் போகும். நேராக்கினால் மேலாகவே ஓடும். வளைவை மிகச் சிறிய அளவில்தான் மாற்ற வேண்டும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு படகோரத்தில் இழுத்துப் பார்க்க வேண்டும். மரம் என்பதால் ஒரே அளவில் வாங்கிய இரண்டுகூட ஒன்று போல மிதப்பதில்லை. ஆகவே புதிதாக வாங்கியதைத் தடி நுனியால் நீருக்குள் அமிழ்த்தி விட்டுவிடுங்கள். விருட்டென்று மேலே வருவதைவிட, யோசித்து யோசித்து வருவதுபோல மெதுவாக எழும்புவதையே நான் விரும்புகிறேன், குறிப்பாக இலையுதிர் காலத்துக் குளிர்ந்த நீரில். மிதப்பு அதிகமாக இருந்தால் சற்றுக் கனமான தூண்டில் முள்ளையோ வளையத்தையோ மாட்டிப் பாருங்கள். அந்தச் சிறு எடையே பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

இழுக்கும் முறை இது: தடியின் நுனியை நீரை நோக்கித் தாழ்த்தி வைத்துக்கொண்டு, ஓரடி முதல் இரண்டடி வரை கீழ்நோக்கி ஓர் இழுப்பு, உடனே தடியை மீண்டும் இரையின் பக்கம் கொண்டுபோய், தளர்ந்த நரம்பை மட்டும் ரீலில் சுற்றிக்கொண்டு, இரை எழும்ப நேரம் கொடுப்பது. ரீலால் இரையை இழுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. செடிகள் நீர்மட்டத்துக்கு ஓரடி இரண்டடி கீழே வரை வளர்ந்திருக்கும் இடங்களில் இந்த வகைக்கு இணையில்லை. செடியில் தட்டியதை உணர்ந்ததும் நிறுத்தினால், அது தானாகவே மேலே மிதந்து விடுபட்டுவிடும். அகன்ற இலைகளைக் கொண்டு நெட்டையாக வளரும் ஒரு நீர்ச்செடியை இங்குள்ளவர்கள் ‘கேபேஜ்’ என்றே அழைக்கிறார்கள். அது பசுமையாக நிற்கும் ஓரத்தைக் கண்டால் அவசரப்பட்டுக் கடந்து போகாதீர்கள்.

வழுக்கும் வகைக்கு வேறு கை வேண்டும். நீண்ட இழுப்பு கூடாது, சிறு தட்டுதான். தட்டிய மறுகணம் நரம்பு தளர வேண்டும். அந்தத் தளர்வு கிடைத்தால்தான் இரை ஒரு பக்கமாக மூன்றடி வரைகூட வழுக்கிப் போகும். நரம்பு விறைப்பாக இருந்தால் மூக்கு பின்னிழுபட்டு, பாதியிலேயே நின்றுவிடும். எனக்கு இந்தத் தாளம் பிடிபட ஒரு கோடைக்காலம் முழுவதும் ஆனது. அந்தக் கோடையில் மணிக்கொரு இரையை மாற்றாமல் ஒன்றையே வைத்துப் பழகியதால்தான் அது சாத்தியமானது. நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்; தெளிந்த நீருக்கு இயல்பான மீன் நிறம், கலங்கிய நீருக்குக் கறுப்போ பளிச்சென்ற ஆரஞ்சோ போதும்.

தடி ஏழரை முதல் எட்டடி வரை, விறைப்பானதாக இருக்கட்டும். 80 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு வேண்டும். நரம்புக்கும் இரைக்கும் நடுவே மாட்டும் கம்பியான லீடர் விஷயத்தில் மட்டும் சற்று நிதானியுங்கள். மஸ்கியின் பற்களுக்காக லீடர் கட்டாயம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், பல இழைகளை முறுக்கிய மெல்லிய கம்பியைப் போட்டால், நீங்கள் வேண்டுமென்றே கொடுக்கும் அந்தத் தளர்வில் அது வளைந்து முன்பக்க முள்ளில் சிக்கிக்கொள்ளும். அந்த எறிதலே வீண். ஒற்றைக் கம்பியாலான விறைப்பான லீடர் இந்தச் சிக்கலைத் தவிர்க்கும்.

ஒவ்வொரு எறிதலின் முடிவிலும், இரையை நீரிலிருந்து எடுப்பதற்கு முன், தடி நுனியை நீருக்குள் நன்றாக அமிழ்த்திப் படகோரத்தில் எட்டு வடிவம் போடுங்கள். மஸ்கி இரையைப் படகு வரை பின்தொடர்ந்து வந்துவிட்டு, அடிக்காமல் நிற்கும் பழக்கம் உள்ள மீன். நான்கடி நீளமுள்ள மீனால் குறுகிய வளைவில் திரும்ப முடியாது என்பதால் வளைவுகள் அகலமாக இருக்க வேண்டும். சீராக இழுத்தால் ஜெர்க்பெய்ட் உயிரிழந்துபோகும். அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சிறு தட்டுக் கொடுத்து, வெளிவளைவில் கணநேரம் நிறுத்துவேன். மீன் கண்ணில் படாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். படகின் நிழலுக்கு அடியில் நின்ற மீன் என் காலடியிலேயே அடித்த நாள்கள் உண்டு.

மீன் மரத்தைக் கவ்வினால் பற்கள் அதில் பதிந்து, இரை வாய்க்குள் நகராது. நகராத இரையின் முள் ஏறாது. ஆகவே முட்களை அரத்தால் தீட்டி வையுங்கள். அடி விழுந்ததும் நரம்பின் தளர்வை எடுத்துப் பக்கவாட்டில் வலுவாக இழுங்கள்.

இனி நான் சொல்வதை விருப்பத் தேர்வாகக் கொள்ள வேண்டாம். ரப்பர் பூசிய பெரிய கைவலை, நீண்ட மூக்குக் குறடு, முள்ளை வெட்டும் கட்டர் ஆகிய மூன்றும் இல்லாமல் இந்த மீனைத் தேடிப் போகாதீர்கள். ஜெர்க்பெய்ட்டில் இரண்டு மூன்று மும்முனை முட்கள் உள்ளன. ஆழமாகப் பதிந்ததைப் பிடுங்குவதைவிட வெட்டிவிடுவதே மீனுக்கு நல்லது. ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எட் கிராஸ்மன், மஸ்கியின் தோள் எலும்பில் உள்ள வளையங்களை எண்ணி வயதைக் கணக்கிட்டவர். பெரிய பெண் மீன்கள் இருபது வயதைத் தாண்டியும் வாழ்பவை என்பதை அந்த எலும்புகளிலிருந்து அறிகிறோம். அப்படியொரு மீன் செத்தால், அந்த இடத்தை நிரப்ப ஏரிக்கு இருபது ஆண்டுகள் வேண்டும். நீரின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸை நெருங்கும் நாள்களில் நான் மஸ்கிக்குப் போவதே இல்லை. அந்த நீரில் போராடிக் களைத்த மீன் நீந்திப் போனாலும் பிறகு இறந்துவிடக்கூடும். மற்ற நாள்களிலும் மீனை வலைக்குள், நீரிலேயே வைத்து முட்களைக் கழற்றுங்கள். படம் வேண்டுமென்றால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்ட பிறகே மீனைத் தூக்குங்கள். வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுத்து, கிடைமட்டமாக, சில நொடிகள் மட்டும்.