ஒதுக்கீட்டு ஆணையில் யார் பெயர்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் நான்கு வருடமாக கிரிமினல் பிராக்டிஸ் செய்கிறேன். பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி. அடுத்த மாநகராட்சித் தேர்தலில் கவுன்சிலருக்கு நிற்கச் சொல்லி கட்சியில் கேட்கிறார்கள். இலவச சட்ட உதவி பேனலில் சேரவும் ஆசை இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா? அரசியலுக்குப் போனால் கவுனைக் கழற்றிவிட வேண்டும் என்கிறார் என் சீனியர். வக்கீல் ஒருத்தி கவுன்சிலர் ஆவதால் எங்கள் ஏரியாவுக்கு அப்படி என்ன கிடைத்துவிடும்?

ச., வியாசர்பாடி

அன்புள்ள ச.,

கவுனைக் கழற்ற வேண்டியதில்லை. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் வக்கீல் தொழில் செய்யலாமா என்ற வழக்கில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவர்கள் முழுநேரச் சம்பள ஊழியர்கள் அல்லர், பார் கவுன்சில் விதி அவர்களைத் தடுக்கவில்லை என்றது. கவுன்சிலர் பதவியும் அப்படிப்பட்ட சம்பள வேலை இல்லை. ஆனால் மாநகராட்சி ஒரு தரப்பாக இருக்கும் வழக்குகள் வேறு சங்கதி. வேட்புமனு போடும் முன் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தில் தகுதியிழப்புப் பகுதியை வரி விடாமல் படித்துவிடுங்கள். அங்கே என்ன எழுதியிருந்தாலும், உங்கள் வார்டின் சொத்து வரி, ஆக்கிரமிப்பு வழக்குகளுக்கு ஃபீஸ் வாங்கி ஆஜராகாதீர்கள்.

பேனலையும் கட்சி வேலையையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் கட்சி வேலையில் இறங்கினால் அவரை நீக்கலாம் என்று அந்தத் திட்டத்திலேயே இருக்கிறது. வக்கீலுக்கும் அதே காரணம் பொருந்தும். மனுவோடு வரும் அம்மா, இது தன் உரிமை என்று நினைத்து வரவேண்டும். அடுத்த தேர்தலில் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனாக அவர் நினைத்துவிட்டால் எல்லாம் கெட்டது. பேனலுக்குப் பொதுவாகக் கேட்கும் 3 வருட அனுபவம் உங்களிடம் இருக்கிறது. முதலில் அங்கே போங்கள். உதவி கேட்டு வழக்கோடு வருகிறவரிடம் ஜெராக்ஸ் செலவுகூட வாங்கக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள். தேர்தலில் நிற்கும் நாளில் பேனலை விட்டு விலகிவிடுங்கள்.

இலவச சட்ட உதவி யாருக்கு என்று சொல்லும், 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், ஆலைத் தொழிலாளர்கள், இவர்களிடம் வருமானமே கேட்கக் கூடாது. வருமானச் சான்று இல்லை என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினால் அது தவறு. விண்ணப்பத்தின் மேல் 7 நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும், மறுத்தால் மேல்முறையீடு உண்டு. வீட்டிலிருந்து கூப்பிட 15100 என்ற எண் இருக்கிறது.

அதே பிரிவில் தொழிற்சாலைப் பேரழிவில் பாதிக்கப்பட்டவர்களும் வருகிறார்கள். இது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது, அதே மாதக் கடைசியில் அமோனியா கசிந்தது. இந்த மாதிரி நேரத்தில் வழக்கு நிற்பதும் விழுவதும் முதல் வாரத்தில். எண்ணெய் படிந்த வலையைத் தேதியோடு படம் எடுக்க வேண்டும். படகுப் பதிவு, மீனவர் கூட்டுறவுச் சங்க அட்டை, மூச்சுத்திணறலுக்குப் போன ஆஸ்பத்திரியின் ஓ.பி. சீட்டு மூன்றையும் ஒரே கவரில் போட்டு வைக்க வேண்டும். வலையைக் கழுவிவிட்டு ஆறு மாதம் கழித்து வந்தால் எந்த வக்கீலாலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

உங்கள் கடைசிக் கேள்விக்கான பதில் நீங்கள் தினமும் பார்க்கும் ஷூரிட்டி (பெயிலுக்குப் பிணை நிற்பவர்) விவகாரத்திலேயே இருக்கிறது. திங்கட்கிழமை பெயில் ஆர்டர் ஆகிறது. இரண்டு ஷூரிட்டி, சொத்து வரி ரசீது அல்லது சம்பளச் சீட்டு என்று கேட்கிறார்கள். பையனின் அம்மா குடியிருப்பது போர்டு வீட்டில், அதாவது குடிசை மாற்று வாரியம் கட்டிக் கொடுத்த வீட்டில். வீட்டை ஒதுக்கித் தந்த ஒதுக்கீட்டு ஆணை செத்துப்போன மாமனார் பெயரில் இருக்கிறது. தவணை முடியவில்லை, கிரயப் பத்திரமும் ஆகவில்லை. பக்கத்து வீட்டிலும் இதே கதைதான். பையன் புழல் சிறையிலேயே கிடக்கிறான். கோர்ட் வாசலில் காசுக்கு ஷூரிட்டி நிற்க ஆள் கிடைக்கும், காகிதம் போலி என்று தெரிந்தால் வேறு வழக்கில் போய் நிற்கும்.

வக்கீலாக உங்களுக்கு இங்கே வழி உண்டு. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதலின்படி, பெயில் கிடைத்து 7 நாளில் வெளியே வராதவரைப் பற்றி சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் தாண்டினால் கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம். அந்த ஒரு மாதம் வரை காத்திருக்காமல் ஷூரிட்டி இல்லாமல் அவன் கையெழுத்திலேயே விடும் சொந்த ஜாமீனுக்கு நீங்களே மனுப் போடுங்கள்.

ஆனால் வக்கீல் அந்த ஒரு பையனை வெளியே கொண்டுவருவதோடு வேலை முடிகிறது. ஒதுக்கீட்டு ஆணை மாமனார் பெயரிலேயே இருக்கும், அடுத்த பையனுக்கும் ஷூரிட்டி இருக்காது. அதைச் சரிசெய்யும் இடம் கோர்ட் இல்லை. இறப்புச் சான்று மாநகராட்சியில், வாரிசுச் சான்று தாசில்தாரிடம், மற்ற வாரிசுகளின் சம்மதம், பாக்கித் தவணைக் கணக்கு, பிறகு வாரிய அலுவலகத்தில் பெயர் மாற்றம். ரேஷன் கார்டில் முனியம்மா, ஆதாரில் முனியம்மாள் என்று இருந்தால் வாரிசுச் சான்றிலேயே மாட்டிக்கொள்ளும், முதலில் அதைத் திருத்த வேண்டும். ஒரு குடும்பம் தனியாக அலைந்தால் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு வருடம் போகும். கவுன்சிலர் ஒரு பிளாக் முழுக்க மனுக்களைச் சேர்த்து, எண் போட்டு, ரசீது வாங்கி, மாமன்றத்தில் கேள்வியாகவும் எழுப்பினால் அது நகரும். லெட்டர்பேடில் சிபாரிசு எழுதித் தராதீர்கள். சிபாரிசுக்கு ரசீது எண் கிடையாது, அதை வைத்து மேல்முறையீடும் செய்ய முடியாது.

திங்கள்தோறும் நம் ஜனங்கள் மனுவோடு போய் நிற்கும் ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்துக்குச் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். தொழிலாளர் தலைவரான அந்தச் சிங்காரவேலர் 1921இல் தன் வக்கீல் கவுனைக் கொளுத்தினார், 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். அன்றைய கோர்ட் அந்நியனுடையது. இன்று உங்கள் கவுன் நம் மக்களுக்கு வேண்டும், கையில் வைத்திருங்கள்.

கட்சிக்குப் பதில் சொல்லும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் ஒரே ஒரு பிளாக்கை எடுத்துக்கொண்டு கதவு கதவாகப் போய், ஒதுக்கீட்டு ஆணையில் உயிரோடு இருப்பவர் பெயர் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள்.