லாகர், ஏல் இரண்டும் பீர்தானே, சுவை ஏன் இவ்வளவு மாறுகிறது?

முக்கியக் காரணம் ஈஸ்ட். ஏல் ஈஸ்ட் 15 முதல் 24 டிகிரி செல்சியஸில் வேகமாக நொதிக்கும்போது பழவாசம் தரும் எஸ்டர்களை நிறைய உண்டாக்கிவிடும். லாகர் ஈஸ்ட் 7 முதல் 13 டிகிரியில் நிதானமாக வேலை செய்து, அப்புறம் வாரக்கணக்கில் குளிரிலேயே கிடப்பதால் சுவை தெளிவாக, லேசாக இருக்கும். ஜெர்மனியின் கோதுமை ஏலான ஹெஃபெவைசனை முகர்ந்து பாருங்கள், வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும், இரண்டையும் யாரும் போடுவதில்லை, எல்லாம் ஈஸ்ட் செய்யும் வேலை! ஸ்டவுட் என்ற கறுப்பு ஏலின் காப்பிக் கசப்பு வறுத்த பார்லியுடையது, ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்ற ஏலின் கசப்பு ஹாப்ஸ் என்ற கொடியின் பூவுடையது. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், ஷ்வார்ட்ஸ்பியர் என்ற ஜெர்மன் பீர் கறுப்பாக இருந்தாலும் லாகர்தான். ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் லேசானதில் தொடங்குங்கள், ஏலை ரொம்பச் சில்லென்று குடித்தால் பாதி வாசம் தெரியாது.